ரொகாயாவின் வாயும் பாக் லோங்கின் நிகழ்ச்சி நிரலும்

ரொகாயாவுக்குப் பக்கத்தில் எதுவும் திடீரென்று விழக்கூடாது. தட்டு, கரண்டி, குடை, முற்றிய மாங்காய், எதுவாக இருந்தாலும் சரி. விழுந்தால் அவளைக் கேட்காமலே அவள் வாய் திறந்துகொள்ளும். "ஒப்போச்சொட்" என்று ஆரம்பிக்கும். அதற்கு அடுத்த சொல் என்ன என்பது இறைவனுக்குத் தெரியும், ரொகாயாவுக்குத் தெரியாது. பெரும்பாலும் மனித உடலின் ஏதாவது ஒரு பாகம் வரும். அச்சில் ஏற்ற முடியாத பாகம். சில நாள் வெறும் காய்கறியோடு போய்விடும். அந்தச் சமயத்தில் பக்கத்தில் இருப்பவர் எதைச் சொன்னாலும் திருப்பிச் சொல்வாள், எதைச் செய்யச் சொன்னாலும் செய்வாள். ஆடு என்றால் ஆடுவாள். எல்லாம் பத்துப் பதினைந்து விநாடிதான். பிறகு முக்காட்டு நுனியால் வாயைப் பொத்திக்கொண்டு, எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டு, எல்லோரையும்விட அதிக நேரம் தானே சிரித்துக்கொண்டிருப்பாள்.

இதற்கு எங்கள் பக்கத்தில் லாத்தா என்று பெயர். நோய் என்று யாரும் சொல்வதில்லை. சிலருக்குச் சுருட்டை முடி இருக்கிறது, சிலருக்கு லாத்தா இருக்கிறது. லாத்தாவில் வந்த சொல்லுக்கு யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது என்பது பாரிட் கெலுபி என்ற எங்கள் கம்பத்தின், அதாவது கிராமத்தின், எழுதப்படாத சட்டம். எழுதப்பட்ட பல சட்டங்களைவிட அது ஒழுங்காக அமலில் இருந்தது.

அந்தச் சட்டத்தின் பலனை ஊர் ஒருமுறை முழுசாக அனுபவித்தது. தொழுகைக் கூடத்துக்குப் பக்கத்தில் கட்டிய கழிவறையைத் திறந்து வைக்கச் சட்டமன்ற உறுப்பினர் வந்திருந்தார். கழிவறையைப் பற்றி நாற்பது நிமிடம் பேச முடியும் என்று அன்றுதான் தெரிந்துகொண்டோம். ஆற்றங்கரைச் சாலைக்கு அடுத்த ஆண்டு கண்டிப்பாகத் தார் போடப்படும் என்று அவர் நெஞ்சில் கை வைத்தபோது பின்னால் யாரோ தேநீர்த் தட்டைத் தவறவிட்டார்கள். "ஒப்போச்சொட். பொய்யி, பொய்யி, பொய் மூட்டை" என்றாள் ரொகாயா, கணீரென்று. மூன்று ஆண்டுகளாக எல்லோர் நாக்கிலும் இருந்த சொல் அது. லாத்தா என்பதால் உறுப்பினரும் சட்டப்படி சிரித்துத்தான் ஆகவேண்டியிருந்தது. மூன்றாவது வாரம் தார் வண்டி வந்தது.

அன்று மேடையில் நிகழ்ச்சியைத் தொகுத்து வழங்கியவர் பாக் லோங் மொக்தார். சாலை வந்ததை அவர் மறந்துவிட்டார், தட்டு விழுந்ததை மட்டும் மறக்கவில்லை.

பாக் லோங் என்றால் மூத்த பெரியப்பா. ரொகாயாவின் காலஞ்சென்ற கணவருக்கு அவர் அண்ணன், ஊர் முழுக்கப் பெரியப்பாவாக இருப்பது அவர் தானே எடுத்துக்கொண்ட பொறுப்பு. மாவட்டக் கல்வி அலுவலகத்தில் உதவி அதிகாரியாக ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற பிறகும் சட்டைப் பையில் மூன்று பேனா. கல்யாணமோ கத்னாவோ, எந்தச் சடங்கானாலும் நிகழ்ச்சி நிரல் ஒன்றைத் தட்டச்சு செய்து, ஓரத்தில் துளையிட்டு, கோப்பில் போட்டுக்கொண்டு வருவார். அவருடைய தம்பியின் ஜனாஸாவுக்கும் நிரல் இருந்தது. இறந்தவர் மட்டும்தான் அன்று அதைச் சரியாகப் பின்பற்றினார் என்று ரொகாயாவின் தங்கை மாக் சூ இன்றும் சொல்வாள்.

ரொகாயாவின் ஒரே மகள் ஹஸ்னிதாவுக்கு ஈப்போ பக்கம் சம்பந்தம் பேசி முடிந்தது. அங்கே மருத்துவமனை ஒன்றின் ஆய்வுக்கூடத்தில் அவள் வேலை செய்கிறாள், பையனும் அங்கேயேதான். அவர்களுக்குள் எல்லாம் எப்போதோ முடிந்துவிட்ட விஷயம். ஆனாலும் நிச்சயதார்த்தம் என்று ஒன்று நடந்தாக வேண்டும். பையன் வரமாட்டான், வருவது வழக்கமில்லை. அவன் வீட்டுப் பெரியவர்கள் தட்டுகளோடு வருவார்கள், இரண்டு பக்கமும் ஒவ்வொருவர் வாயாகப் பேசுவார்கள், பையனின் தாயார் பெண்ணின் விரலில் மோதிரம் போடுவார். மாப்பிள்ளை வீட்டு வாயாக வரப்போகிறவர் பையனின் தாய்மாமன், டத்தோ என்ற அரசுப் பட்டம் பெற்ற பஹாருடின் என்று தெரிந்ததும் பாக் லோங்குக்கு முதுகு இரண்டு அங்குலம் நிமிர்ந்தது. ஏதோ ஒரு பெரிய இலாகாவில் துணை இயக்குநராக இருந்தவர். முப்பது வருஷம் கூட்டங்களுக்குத் தலைமை தாங்கி, யோசிக்காமல் ஒரு சொல்லைக்கூட வெளியே விடாதவர் என்று பெயர் பெற்ற மனிதர். ஒரு வாக்கியம் சொல்லிவிட்டு இரண்டு மூச்சு நிறுத்துவாராம். அந்த இடைவெளியில்தான் அவருக்குப் பட்டமே கிடைத்தது என்பார்கள்.

பாக் லோங் நிரலோடு வந்தார். பதினெட்டு அம்சங்கள். ஏழாவது அம்சம்: பெண்ணின் தாயார், சமையலறையில்.

ரொகாயா அதைப் படித்துவிட்டுத் தலையாட்டினாள். நியாயம்தான் என்றாள். மோதிரம் போடும்போது மட்டும் கதவிடுக்கில் நின்று பார்த்துக்கொள்ளலாமா என்று கேட்டாள். கதவு பூட்டப்பட்டிருக்கும் என்று எட்டாவது அம்சம் சொன்னது.

ஹஸ்னிதா கோப்பை மூடினாள். அம்மாவை அவள் மாக் என்றுதான் கூப்பிடுவாள்.

"மாக் கூடத்துல இல்லன்னா நான் கையை நீட்டமாட்டேன், பாக் லோங். அவங்க மோதிரத்தக் கொண்டுவந்தபடியே கொண்டுபோகலாம்."

பாக் லோங் குடும்ப மானத்தைப் பற்றிப் பேசினார். வருகிறவர்கள் யார் என்பதைப் பற்றிப் பேசினார். டத்தோவின் முன்னால் அந்தப் பாகத்தின் பெயர் வந்தால் என்ன ஆகும் என்று கேட்டார், பாகத்தின் பெயரைச் சொல்லாமல். அப்பா இல்லாத வீட்டில் அம்மாவையும் கதவுக்குப் பின்னால் வைத்துவிட்டு யாருக்கு நிச்சயம் என்று மட்டும் ஹஸ்னிதா கேட்டாள். ரொகாயா நடுவில் உட்கார்ந்து இரண்டு பேரையும் கெஞ்சினாள். ஆனால் மகள் அப்படிச் சொன்னபோது அவள் முகத்தில் தெரிந்ததை மாக் சூ பார்த்துவிட்டாள். தன் மகளின் விரலில் மோதிரம் ஏறுவதைப் பார்க்கவேண்டும் என்ற ஆசை, வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே அந்த முகத்தில் நன்றாக உட்கார்ந்திருந்தது.

ஆகவே மாக் சூ ஒரு வழி சொன்னாள். அக்காவை அடைக்க முடியாது, சத்தத்தை அடைக்கலாம். எதுவும் விழாவிட்டால், எதுவும் வெடிக்காவிட்டால், ரொகாயா உலகத்திலேயே அமைதியான பெண்மணி.

பாக் லோங் இதை உடனே ஏற்றுக்கொண்டார். குழு அமைக்க இடமுள்ள எந்த யோசனையையும் அவர் நிராகரித்ததில்லை.

அடுத்த இரண்டு வாரம் பாரிட் கெலுபியில் ஓசை ஒழிப்பு நடந்தது. கூரைக்கு மேலே சாய்ந்திருந்த தென்னையிலிருந்து குரும்பை உட்பட எல்லாம் இறக்கப்பட்டன. பக்கத்து வீட்டு வாக் சாரிஜானின் சேவல் ஒரு நாள் விருந்தாளியாகப் பக்கத்துக் கம்பத்துக்கு அனுப்பப்படும் என்று முடிவானது. சைலன்சர் கழற்றிய மோட்டார் சைக்கிள் வைத்திருந்த நான்கு இளைஞர்கள் அன்று வண்டியைத் தள்ளிக்கொண்டு நடப்பதாக எழுதிக் கையெழுத்திட்டார்கள். கண்ணாடிக் கோப்பைகளுக்குப் பதில் பிளாஸ்டிக். உலோகத் தட்டுகளுக்கு அடியில் துணி. கொம்பாங் மேளக்காரர்கள் ரத்து. கதவுக் கீல்களுக்கு எண்ணெய். ஹஸ்னிதாவின் தோழிகள் அலங்காரத்துக்கு எண்பது பலூன் ஊதிக் கட்டியிருந்தார்கள். பாக் லோங் அதைப் பார்த்ததும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். குத்தினால் வெடிக்கும், ஆகவே எண்பதையும் ஒவ்வொன்றாக முடிச்சவிழ்த்துக் காற்றை இறக்கவேண்டும் என்று உத்தரவு. ஒரு முழு மதியம் ஐந்து பெண்கள் உட்கார்ந்து பலூன்களிலிருந்து மெல்ல மெல்லக் காற்றைப் பிரித்தார்கள். அதில் வந்த சத்தம் கண்ணியமானதாக இல்லை. ரொகாயா மூன்று முறை அதைத் திருப்பிச் சொன்னாள்.

எல்லாவற்றையும்விடப் பெரிய ஆபத்து மாக் சூவின் ஆள்காட்டி விரல். ரொகாயாவின் இடுப்பில் எதிர்பாராத நேரத்தில் குத்துவதில் முப்பது வருஷ அனுபவம் உள்ள விரல் அது. அன்று அந்த விரல் மடியை விட்டு நகராது என்று அவள் சத்தியம் செய்தாள். அதுமட்டுமல்ல, ரொகாயாவின் வாயில் ஒரு கட்டித் தோடோலைப் போட்டு வைப்பதும், கரையக் கரைய அடுத்ததைக் கொடுப்பதும் அவள் பொறுப்பு. எங்கள் ஊர்த் தோடோல் தேங்காய்ப்பாலில் ஏழு மணி நேரம் கிண்டியது. பல்லில் ஒட்டினால் பல் வைத்தியர்தான் எடுக்கவேண்டும்.

இதை எல்லாம் செய்து முடித்த பிறகு பாக் லோங் கிராம வளர்ச்சிக் குழுவின் ஒலிபெருக்கியையும் மைக்கையும் தமக்காக வாங்கி வந்தார்.

கூடத்தில் உட்காரப்போவது இருபத்தெட்டுப் பேர். கடைசி ஆள் பதினோரு அடி தூரத்தில். மைக் எதற்கு என்று ஹஸ்னிதா கேட்டாள். கௌரவத்துக்கு என்றார். ஒலிபெருக்கிப் பெட்டியைத் தம் முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டார், தாம் பேசுவது தமக்கு நன்றாகக் கேட்கவேண்டும் என்பதற்காக.

அந்த ஞாயிற்றுக்கிழமை பகல் பதினொரு மணிக்கு ஏழு கார்கள் வந்தன. சாலை முனையில் நின்ற இரண்டு பேர் ஹாரன் அடிக்காதீர்கள் என்று கைகூப்பிக் கேட்டுக்கொண்டார்கள். விருந்தாளிகள் இறங்கி நடந்தபோது ஊரே பூனை நடை நடந்துகொண்டிருந்தது. நாய் குரைக்கவில்லை, சேவல் கூவவில்லை. செருப்பைக்கூட முட்டையை வைப்பதுபோல் வைத்தார்கள். வேறு யாராக இருந்தாலும் இழவு வீட்டுக்கு வந்துவிட்டோமோ என்று பயந்திருப்பார்கள். இவர்கள் பயப்படவில்லை. பையனின் தாயார் ஃபௌசியா கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்து நன்றி சொன்னதுபோல் இருந்தது.

டத்தோ நல்ல உயரம். தலையில் கறுப்புத் தொப்பி, இடுப்பில் சரிகைச் சாரோங், வலது சுண்டுவிரலில் புறா முட்டை அளவில் ஒரு சிவப்புக் கல் மோதிரம். அவருக்குப் பக்கத்திலேயே, ஒரு சாண் இடைவெளிகூட விடாமல், மனைவி டத்தின் மஸ்னா. உட்காருவதற்கு முன் டத்தின் கூடத்தைச் சுற்றிப் பார்த்தார். ஓரத்தில் இருந்த தண்ணீர்ச் சாடியை நடுவுக்கு நகர்த்தினார். ஆட்டம் காணும் மின்விசிறியை நிறுத்த முடியுமா என்று மெதுவாகக் கேட்டார். ஜன்னல் கதவைக் கொக்கி போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தார். பெரிய இடத்து ஆட்கள் இப்படித்தான் இருப்பார்கள் என்று பாக் லோங் ஊர்க்காரர்களைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார்.

ரொகாயா சமையலறைக் கதவோரம், தூணுக்குப் பக்கத்தில், கன்னம் புடைக்க உட்கார்ந்திருந்தாள். சம்பந்திக்குப் பல்வலி என்று விருந்தாளிகளுக்குச் சொல்லப்பட்டது.

பாக் லோங் மைக்கை எடுத்து வரவேற்றார். வரவேற்பு இருபது நிமிடம். பிறகு டத்தோ பேசினார். மைக் வேண்டாம், அவருக்குப் பழக்கமில்லை என்று டத்தின் முந்திக்கொண்டு மறுத்துவிட்டார். எங்கள் வழக்கப்படி, பெண் கேட்க வந்தேன் என்று யாரும் சொல்லமாட்டார்கள். டத்தோ தூரத்திலிருந்து ஒரு படகு வந்ததாகச் சொன்னார். இரண்டு மூச்சு நிறுத்தினார். கரையில் ஒரு தோட்டம் தெரிந்ததாம். நிறுத்தினார். தோட்டத்தில் ஒரு பூ. அந்தப் பூவுக்கு வேலி உண்டா, காவல் உண்டா, வண்டு ஏதும் வந்து போயிருக்கிறதா என்று அறிய விரும்புவதாகச் சொல்லி முடித்தபோது மணி பன்னிரண்டே கால். பூ, ஆய்வுக்கூடத்தில் ரத்தம் பரிசோதிக்கும் பூ, அலங்கரித்த மெத்தையில் உட்கார்ந்து கொட்டாவியை விழுங்கிக்கொண்டிருந்தது.

பாக் லோங் பதில் சொன்னார். தோட்டத்தின் வரலாற்றிலிருந்து தொடங்கினார். தோட்டக்காரர், அதாவது தம்பி, இப்போது இல்லை. மூத்த தோட்டக்காரர், அதாவது தாம், நீர் பாய்ச்சி வருகிறார். இது முழுப் பொய். அந்தப் பெண்ணின் படிப்புக்கு நீர் பாய்ச்சியது ரொகாயாவின் வாழைக்காய்ப் பொரியல் வண்டி. ரொகாயா தலை குனிந்து தோடோலை மென்றுகொண்டிருந்தாள். பின்புறமிருந்து ரெண்டாங் கறியின் மணமும் நெய்ச்சோற்றின் மணமும் மாறி மாறி வந்தன. சின்னப் பிள்ளைகள் முதல் இமாம் வரை எல்லோர் மூக்கும் ஒரே திசையில் திரும்பியிருந்தது. டத்தோவின் மூக்கும்தான், ஆனால் கண்ணியமாக.

மணி ஒன்றைத் தொட்டது. பாக் லோங் இன்னும் பதினோராவது அம்சத்தில்தான் இருந்தார். அதாவது, மணமகன் தரப்பின் உறுதிமொழி. இவ்வளவு முக்கியமான வாக்கு வாசலில் உட்கார்ந்திருப்பவர்களுக்கும் கேட்கவேண்டும், ஆகவே டத்தோ இந்த ஒரு முறையாவது மைக்கில் பேசி எங்களைக் கௌரவிக்கவேண்டும் என்றார். டத்தின் வேண்டாம் என்று கையசைத்தார். பாக் லோங் அதைப் பணிவு என்று எடுத்துக்கொண்டார். எழுந்து, மைக்கை நீட்டிக்கொண்டு, தம் முதுகுக்குப் பின்னால் இருந்த பெட்டியைச் சுற்றிக்கொண்டு போனார். மைக் பெட்டிக்கு நேர் எதிரே வந்தது.

இரண்டு வாரமாக ஊரிலிருந்து பிடித்து அடைத்த சத்தம் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து வெளியே வந்ததுபோல் ஒரு ஊளை. சாதாரண நாளாக இருந்தால், சேவலும் மோட்டார் சைக்கிளும் பிள்ளைகளும் இருந்திருந்தால், அது பாதியாவது அமுங்கியிருக்கும். அந்தக் கழுவித் துடைத்த அமைதியில் அது மண்டையைப் பிளந்தது.

தோடோல் ஒரு பக்கம் பறந்தது. "ஒப்போச்சொட், முடி, முடி, முடிச்சுத் தொலை" என்றாள் ரொகாயா.

அதே விநாடியில் கூடத்தின் மறுகோடியிலிருந்து இன்னொரு குரல். "ஒப்போச்சொட், சோறு, சோறு, சோறு எங்க?"

டத்தோ.

கூடம் மூச்சை நிறுத்தியது. அவர்கள் இருவரும் நிறுத்தவில்லை. ஒரு லாத்தாவின் காதில் இன்னொரு லாத்தா விழுந்தால் என்ன ஆகும் என்பதை எங்கள் ஊர் அதற்கு முன் பார்த்ததில்லை.

"சோறு எங்க, சோறு எங்க?" என்றாள் ரொகாயா.

"முடிச்சுத் தொலை, முடிச்சுத் தொலை," என்றார் டத்தோ, பாக் லோங்கைப் பார்த்து.

"தொலை தொலை."

"சோறு சோறு."

இங்கே மாக் சூவைப் பற்றிக் கொஞ்சம் நியாயமாகப் பேசவேண்டும். அவள் விரலுக்குத்தான் சத்தியம் செய்திருந்தாள், வாய்க்குச் செய்யவில்லை. முப்பது வருஷ அனுபவசாலியின் முன்னால் ஒன்றுக்கு இரண்டாக வாய்ப்பு வந்து நிற்கிறது. அதோடு மணி ஒன்று, அவளுக்கும் பசி.

"மோதிரத்தப் போடு," என்றாள் மாக் சூ.

"மோதிரத்தப் போடு, மோதிரத்தப் போடு," என்று சொல்லிக்கொண்டே ரொகாயா எழுந்து, தூணைத் தாண்டி, இமாமைத் தாண்டி, நடுக்கூடத்துக்கு வந்து, வெற்றிலைத் தட்டுக்குப் பக்கத்தில் திறந்திருந்த பெட்டியிலிருந்து மோதிரத்தை எடுத்து மகளின் விரலில் மாட்டித் தள்ளினாள். "மோதிரத்தப் போடு," என்று சொல்லிக்கொண்டே டத்தோ தம் சுண்டுவிரலிலிருந்து சிவப்புக் கல் மோதிரத்தைக் கழற்றி, எதிரே கைக்கெட்டிய தூரத்தில் இருந்த ஒரே கையில், மைக்கைப் பிடித்திருந்த பாக் லோங்கின் கையில், அழுத்திப் போட்டார்.

ஆக, அன்று இரண்டு நிச்சயதார்த்தம்.

பிறகு ஊளை நின்றது. யாரோ மின்சாரக் கம்பியைப் பிடுங்கிவிட்டார்கள். டத்தோ தம் வெறும் விரலைப் பார்த்தார். ரொகாயா தன் கையைப் பார்த்தாள். அந்தக் கை நடுக்கூடத்தில், எல்லோர் முன்னாலும், மகளின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தது. அவள் முகத்தில் சிரிப்பு வரவில்லை. லாத்தாவுக்குப் பிறகு அவள் சிரிக்காமல் இருந்து நாங்கள் பார்த்ததே இல்லை. கண் நிறைந்துவிட்டது.

"கெடுத்துட்டேன்," என்றாள் மகளிடம். "நான் உள்ளேயே இருந்திருக்கணும்."

பாக் லோங்குக்குப் பேச்சு திரும்பியது. மைக் செத்துப்போயிருந்தும் அதில்தான் பேசினார். நடந்தது செல்லாது என்றார். பதினான்காவது அம்சத்தின்படி மோதிரம் போடவேண்டியது மாப்பிள்ளையின் தாயார். ஆகவே போட்டதைக் கழற்றி, பெட்டியில் வைத்து, பதினோராவது அம்சத்திலிருந்து மறுபடி தொடங்கவேண்டும். பெண்ணின் தாயார் ஏழாவது அம்சத்துக்குத் திரும்பவேண்டும்.

மோதிரம் ஹஸ்னிதாவின் விரல் கணுவில், பாதி வழியில் நின்றிருந்தது. அவள் விரல்களை மடக்கி முஷ்டியாக்கிக்கொண்டாள்.

"கழட்டமாட்டேன், பாக் லோங். எங்க மாக் போட்டது."

மாப்பிள்ளை வீட்டார் தட்டுகளைத் திரும்ப எடுத்துக்கொண்டு காரில் ஏறிவிடுவார்களோ என்று பயந்தோம். எல்லோரும் ஃபௌசியாவைப் பார்த்தோம். அவர் தலை குனிந்திருந்தார். தோள் குலுங்கிக்கொண்டிருந்தது. அழுகிறார் என்று நினைத்து ரொகாயா இன்னும் நொறுங்கிப்போனாள். ஃபௌசியா தலை நிமிர்த்தியபோதுதான் தெரிந்தது, அவர் சிரிப்பை அடக்கி அடக்கித் தோற்றுக்கொண்டிருந்தார்.

"ஈப்போலேர்ந்து இங்க வர்ற வரைக்கும் கார்ல துவா ஓதிட்டே வந்தேன், காக்," என்றார் ரொகாயாவிடம், அக்கா முறை வைத்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு. "இன்னிக்கு ஒரு நாள் எங்க அண்ணன் பக்கத்துல எதுவும் விழுந்துடக் கூடாதுன்னு. இங்க வந்து பாத்தா ஒரு சேவல்கூடக் கூவல. ஆண்டவன் காது குடுத்துட்டான்னு நெனச்சேன்."

"நாங்களும் அதுக்குத்தான்," என்றாள் மாக் சூ. "எண்பது பலூன்."

அதற்குப் பிறகு கூடத்தை யாராலும் பிடித்து நிறுத்த முடியவில்லை. முதலில் இமாம் சிரித்தார், தாடியைக் கையால் மறைத்துக்கொண்டு. பிறகு வாசலில் இருந்தவர்கள் விஷயம் புரியாமலே சிரித்தார்கள். டத்தின் மஸ்னா முதல்முறையாகக் கணவனை விட்டு ஒரு முழம் தள்ளி, காலை நீட்டி உட்கார்ந்தார். முப்பத்தொரு வருஷமாக இந்த மனுஷனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து உட்கார்ந்து தனக்கு முதுகுவலியே வந்துவிட்டது என்று ஊர்ப் பெண்களிடம் சொன்னார். அலுவலகத்தில் இந்த ரகசியம் தெரிந்தவர் அவருடைய குமாஸ்தா ஒருவர்தானாம். கூட்டங்களில் கதவுக்குக் காவலாக அவர் நிற்பாராம். ஒரு வாக்கியத்துக்கு இரண்டு மூச்சு நிறுத்துவது ஞானத்தால் இல்லை, எங்கிருந்தாவது ஏதாவது விழுகிறதா என்று காது கொடுத்துக் கேட்பதற்காக.

டத்தோ தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். தொப்பி இல்லாமல் பத்து வயது குறைந்திருந்தார்.

"மன்னிச்சுக்கணும், காக் ரொகாயா. நான் ஆரம்பிச்சேனா, நீங்க ஆரம்பிச்சீங்களா?"

"ஒண்ணாத்தான் ஆரம்பிச்சோம் போல, டத்தோ."

"உங்களுக்கு எதுக்கு ரொம்ப வரும்?"

"தட்டுக்கு. டத்தோவுக்கு?"

"டெலிபோனுக்கு. இருபது வருஷமா எங்க வீட்டு டெலிபோன் தலகாணிக்குக் கீழதான் இருக்கு."

ரொகாயா இப்போது சிரித்தாள். பழைய சிரிப்பு.

பாக் லோங் மட்டும் நின்றுகொண்டே இருந்தார். அப்படியானால் பதினான்காவது அம்சம் என்ன ஆவது என்று கேட்டார். ஃபௌசியா எழுந்து வந்தார். ஹஸ்னிதாவின் எதிரே மண்டியிட்டு, முஷ்டியை மெல்லத் தட்டினார். அவள் விரித்தாள். கணுவில் நின்ற மோதிரத்தை ஃபௌசியா இரண்டு விரலால் பிடித்து, லேசாகத் திருகி, அடிவரைக்கும் ஏற்றினார்.

"பாதி வழி நீங்க கொண்டுவந்துட்டீங்க. மீதி என் பங்கு," என்றார் ரொகாயாவிடம். பிறகு பாக் லோங் பக்கம் திரும்பி, "எழுதிக்குங்க, துவான் ஹாஜி."

பாக் லோங்கால் எழுத முடியவில்லை. வலது கையில் டத்தோவின் மோதிரம் இறுகிக்கொண்டு விரல் கத்தரிக்காய் நிறத்துக்கு வந்திருந்தது. மூன்று பேனாவும் பையில் சும்மா இருந்தன. சமையலறைக்குப் போனால் பெண்கள் எண்ணெய் போட்டுக் கழற்றிவிடுவார்கள் என்று யாரோ சொல்ல, அவர் கோப்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு உள்ளே போனார். எண்ணெய் பலிக்கவில்லை, சவர்க்காரம் பலிக்கவில்லை, கடைசியில் ரெண்டாங் சட்டியின் நெய்தான் பலித்தது. அதற்குள் இமாம் துவா ஓதி முடித்திருந்தார், சோறு வந்திருந்தது. மீதி நான்கு அம்சங்கள் இன்றுவரை நிலுவையில் உள்ளன. கல்யாணத்துக்கு என்ன குறை வந்துவிட்டது என்று தெரியவில்லை.

சாப்பாட்டில் டத்தோ மூன்று முறை சோறு வாங்கினார். அவருக்குப் பின்னால் மாக் சூ இரண்டு முறை கரண்டியைத் தவறவிட்டாள். ஒருமுறை அவர் தம் இலாகா அமைச்சரைப் பற்றி ஒரு சொல் சொன்னார். அதை இங்கே எழுதுவதற்கில்லை, ஆனால் ஊரில் எல்லோருக்கும் மனப்பாடம்.

ரொகாயா கூடத்தின் நடுவில், மகளுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். அவளைத் தூணோரம் போகச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. சாப்பிடாமல் மகளின் விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். போட்ட விநாடி அவளுக்கு நினைவில் இல்லை, அதுதான் கொஞ்சம் வருத்தம். எப்படிப் போட்டேன், எந்தக் கையால் போட்டேன் என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். ஹஸ்னிதா நடித்துக் காட்டினாள். பிறகு ரொகாயா குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"நித்தா, நான் ஏதாச்சும் அசிங்கமா சொல்லிட்டேனா?"

"இல்ல மாக். சுத்தமா ஒண்ணுமில்ல. முடிச்சுத் தொலைன்னு சொன்னீங்க."

"யார?"

"பாக் லோங்க."

ரொகாயா சமையலறைப் பக்கம் பார்த்தாள். அங்கே பாக் லோங் விரலில் நெய்யோடு, சட்டிகளுக்கு நடுவில், இரண்டு பெண்களிடம் ஏதோ விளக்கிக்கொண்டிருந்தார். மகள் பக்கம் குனிந்தாள்.

"அது லாத்தாவுலதானே சொன்னேன்?"